ஊக்கத்திற்கு ஒரு கிரேக்கச் சொல்



தமிழகத்தின் எல்லையைக் கடந்து தில்லியிலோ மும்பையிலோ கொல்கத்தாவிலோ குடியேறிய தமிழர் எவர்க்கும் ஓர் அநுபவம் பொதுவானது. நன்கு தெரிந்த சொல் ஒன்று, சற்றும் தெரியாத பொருளோடு எதிரே வந்து நிற்கும். மராத்தியர் ‘சிக்ஷா’ என்றால் அது தண்டனை; இந்தி பேசுவோர் அதனையே சொன்னால் அது கல்வி. நாம் பிரபந்தம் என்றவுடன் ஆழ்வார்களை நினைக்கிறோம். வடக்கே அச்சொல் நிர்வாகம் என்ற பொருளில் அலுவலகப் பலகைகளில் காட்சி தருகிறது. நாம் உபந்நியாசம் கேட்கப் போகிறோம். வங்காளியர் உபந்நியாசத்தைக் கடையில் வாங்கிப் படிக்கிறார்கள், அவர்களுக்கு அது நாவல். இவற்றுள் நான் மிகவும் சுவைத்தது ‘சிரமம்’ என்ற சொல். தமிழில் அது தொல்லை, வருத்தம். “உங்களுக்குச் சிரமம் வேண்டாம்” என்கிறோம். இந்தியிலோ ‘சிரம்’ என்பது உழைப்பு. அரசாங்கத்தின் தொழிலாளர் அமைச்சகமே அப்பெயரால் அழைக்கப்படுகிறது. உழைப்பு, தொல்லை என்ற இரண்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பதை இரண்டு மொழிகளுக்கு நடுவே வாழ்பவர்தாம் உடனே உணர்வர்.

இத்தகைய சொல் ஒன்றைப் பற்றியே இன்று பேச விழைகிறேன். அது நம் நாட்டுச் சொல் அன்று. பழைய கிரேக்க மொழியினது. ‘ஸ்பூதே’ என்று அதனை நம் எழுத்தில் ஒருவாறு எழுதலாம். நடுவில் உள்ள தகரத்தைப் ‘பாதை’ என்பதிற்போல மெல்ல ஒலிக்க வேண்டும். அகராதியைப் புரட்டினால் விரைவு, முயற்சி, ஆர்வம், ஊக்கம், கருத்தூன்றிய தன்மை என ஐந்தாறு பொருள்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும். ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் எவ்வாறு வந்தன? விரைவும் ஊக்கமும் ஒன்றா? விரைந்து செய்பவன் யாவனும் ஊக்கமுடையவன் ஆவானா? இக்கேள்விக்குக் கிரேக்கர் பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்த விடை, அந்தச் சொல்லின் வரலாற்றிலேயே அடங்கியிருக்கிறது.

இப்பெயர்ச் சொல் ‘ஸ்பெயுதோ’ என்ற வினையினின்று பிறந்தது. விரைகிறேன், விரைவுபடுத்துகிறேன் என்பது அவ்வினையின் பொருள். மொழிநூல் வல்லார் இதனை லிதுவேனிய மொழியில் அழுத்துதல், நெருக்குதல் என்ற பொருளுடைய ஒரு சொல்லோடு உறவுபடுத்துவர். ஆகவே அடியில் இருப்பது ஓட்டம் அன்று, உந்துதல். எதையோ ஒன்றை எதிர்த்துத் தள்ளுகின்ற விசை. இதனை மனத்திற் கொண்டால் ஹோமருடைய வழக்கு வியப்பளிக்காது. இலியது காவியத்தின் இரண்டாம் காண்டத்தில் கிரேக்கப் படைவீரர் சபை கூடுகின்றனர். ஒரே கூச்சல். ஒன்பது கட்டியங்காரர்கள் கத்திக் கத்தி அவர்களை அடக்க முயல்கின்றனர். கடைசியில் வீரர்கள் உட்காருகிறார்கள். அந்த இடத்தில் ஹோமர் ஸ்பூதே என்ற சொல்லை இடுகிறார். அங்கே அதற்கு ‘விரைவாக’ என்று பொருள் கொண்டால் பொருந்தாது. ‘பெரும்பாடுபட்டு’, ‘அரும்பாடுபட்டு’ என்பதே பொருள். சற்று முன் சொன்ன நம் ‘சிரமம்’ இங்கே நினைவுக்கு வரவில்லையா? சிரமப்பட்டு உட்கார்ந்தார்கள் என்று நாம் சொல்லக்கூடிய இடம் அது.

ஆயினும் பொதுமக்கள் வாயில் விரைவு என்ற பொருளே நெடுங்காலம் மேலோங்கி நின்றது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டு முதல் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரத்தில் யூதருடைய மறைநூல் கிரேக்கத்தில் பெயர்க்கப்பட்டது. எகிப்தை விட்டு வெளியேறும் இரவில் இசுரவேலர் உணவு உண்ண வேண்டிய முறையைக் கூறும் இடத்தில் இச்சொல் வருகிறது. இடுப்பில் கச்சை, காலில் செருப்பு, கையில் கோல். மாவு புளிப்பதற்குக் கூட நேரமில்லை. அங்கே ஸ்பூதே என்பது பரபரப்பே, ஊக்கம் அன்று.

பரபரப்பைக் குறித்த சொல் எங்ஙனம் பண்பைக் குறிக்கலாயிற்று? இதில் பிளேட்டோவுக்குப் பெரும் பங்கு உண்டு. அவருடைய உரையாடல்களில் ஸ்பூதே என்பதற்கு எதிர்ச்சொல் சோம்பல் அன்று. ‘பைதியா’, அதாவது விளையாட்டு. விளையாட்டாகச் செய்வது ஒன்று, மெய்யாகவே கருத்தூன்றிச் செய்வது மற்றொன்று. இந்த வேறுபாட்டை விளக்க ‘பைதுருசு’ என்ற உரையாடலில் சாக்ரதீசு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுகிறார். அதை அறிந்த பின் இச்சொல் நமக்கு மறக்காது.

ஏதென்சு நகரப் பெண்கள் கோடைக்காலத்தில் அதோனிசு என்ற இளந்தெய்வத்தின் பொருட்டு ஒரு விழாக் கொண்டாடினர். உடைந்த மட்பாண்டங்களில் சிறிது மண் இட்டுக் கீரை விதைகளைத் தூவி வீட்டுக் கூரைமேல் வைப்பார்கள். வெயிலில் அவை சடுதியில் முளைத்துச் சடுதியில் வாடும். வாடியவற்றைக் கொண்டுபோய் நீரில் விடுவர். நம் சிற்றூர்களில் மாரியம்மன் கொடைக்கு வளர்க்கும் முளைப்பாரியைக் கண்டவர்களுக்கு இக்காட்சி அயலாகத் தோன்றாது. சாக்ரதீசு கேட்கும் கேள்வி இது: அறிவுடைய உழவன் ஒருவன், தான் பேணிக் காக்கும் விதையை, பயன் தர வேண்டும் என்று விரும்பும் விதையை, இந்தச் சட்டியில் இட்டு எட்டு நாளில் அழகாக முளைத்துவிட்டதே என்று மகிழ்வானா? விழாவுக்காக, விளையாட்டுக்காக அப்படிச் செய்யலாம். ஆனால் எந்த விதையில் அவனுக்கு ஸ்பூதே உண்டோ அதனை ஏற்ற நிலத்தில் இட்டு, உழவு முறைப்படி பேணி, எட்டாம் மாதத்தில் முற்றினால் போதும் என்று காத்திருப்பான் அன்றோ?

எட்டு நாளும் எட்டு மாதமும்! விரைவு என்ற பொருளில் பிறந்த சொல் இவ்விடத்தில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். சடுதியில் முளைப்பது விளையாட்டு, காத்திருப்பதே ஸ்பூதே. சொல் தன் தாய்வீட்டுக்கு நேர் எதிரே குடியேறிவிட்டது. ஆனாலும் இதில் முரண்பாடு இல்லை என்பது என் கருத்து. உழவனை உந்தும் விசை குறையவில்லை. அந்த விசை நாளை ஓட்டுவதில் செலவாகாமல் நிலத்தில் செலவாகிறது. பழைய உந்துதல் அப்படியேதான் இருக்கிறது. அது சென்று அழுத்தும் இடம் மாறிவிட்டது.

பிளேட்டோவின் மாணவராகிய அரித்தாட்டில் இச்சொல்லை இன்னும் உயரத்தில் ஏற்றினார். ஸ்பூதே உடையவன் ‘ஸ்பூதாயோசு’. அகராதிப்படி ஊக்கமுடையவன், கருத்தூன்றியவன். ஆனால் நிக்கோமாக்க அறநூலில் அரித்தாட்டில் இதைக் கையாளும் விதம் மொழிபெயர்ப்பாளரைத் திணற அடிப்பது. யாழ் வாசிப்பவன் தொழில் யாழ் வாசித்தல். ஸ்பூதாயோசு ஆகிய யாழ்வாணன் தொழில் அதை நன்றாக வாசித்தல் என்கிறார். சரி, ஊக்கமுள்ள யாழ்வாணன் என்று பெயர்க்கலாம். சில பக்கங்கள் தள்ளி, தன் சிறப்பினால் கண் ஸ்பூதாயோசு ஆகிறது, குதிரையும் தன் சிறப்பினால் ஸ்பூதாயோசு ஆகிறது என்கிறார். ஊக்கமுள்ள குதிரை என்றுகூட ஒருவாறு சொல்லிவிடலாம். ஊக்கமுள்ள கண் என்று எழுதினால் நகைப்புக்கு இடமாகும். நல்ல கண், தன் வேலையைத் திறம்படச் செய்யும் கண் என்பதே கருத்து. ஊக்கமுடையவனைக் குறித்த சொல் நல்லவனையே குறிக்கலாயிற்று. எது உண்மையில் நல்லது, எது நல்லது போலத் தோன்றுவது என்ற ஐயம் எழுமிடத்தில், ஸ்பூதாயோசுக்கு எது நல்லதாகத் தோன்றுகிறதோ அதுவே உண்மையில் நல்லது. அவனே அளவுகோல் என்று கூறும் அளவுக்கு அரித்தாட்டில் செல்கிறார். அவருடைய கவிதையியலிலும் இச்சொல் தலைமை இடம் பெற்றது. துன்பியல் நாடகம் எத்தகைய செயலைக் காட்ட வேண்டும் என்றால், ஸ்பூதாயோசு ஆகிய செயலை, அதாவது விளையாட்டல்லாத, கனமுடைய செயலை.

அதே அரித்தாட்டில் விளையாட்டை வெறுத்தவர் அல்லர். அனகார்சிசு என்ற பழைய ஞானியின் கருத்தை எடுத்துக்காட்டி, கருத்தூன்றி உழைப்பதற்காக விளையாட வேண்டும் என்கிறார். விளையாடுவதற்காகவே வாழ்நாள் முழுதும் பாடுபடுவது பேதைமை என்பது அவர் கட்சி. பிற்காலத்தில் மெனிப்பசு என்ற எழுத்தாளர் இரண்டையும் குழைத்து ஒரு நடையை வகுத்தார். நகைத்துக்கொண்டே மெய்யைச் சொல்பவர் என்ற கருத்தில் அவருக்கு இச்சொல்லோடு நகைப்பையும் சேர்த்து ஒரு பட்டம் வழங்கிற்று. பூகோள நூலாசிரியர் ஸ்திராபோ அதைக் குறிப்பிடுகிறார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் மேலே செல்வது நேர்மை ஆகாது. அரித்தாட்டிலின் ஸ்பூதாயோசு கூலிக்கு உழைப்பவன் அல்லன். ஓய்வு உடையவன், குடியுரிமை உடையவன், அவன் ஓய்வுக்கு அடிமைகள் உழைத்தனர். ஏதென்சின் செல்வத்துக்கு ஊற்றாயிருந்த லவுரியம் வெள்ளிச் சுரங்கத்தில் விளக்கின் புகையில் கல்லை உடைத்த அடிமையை யாரும் ஸ்பூதாயோசு என்று அழைக்கவில்லை. கைத்தொழில் செய்பவனுக்கு முழுமையான சிறப்பு வாய்க்காது என்பதே அக்காலத்துத் தத்துவ அறிஞர் பலர் கொண்ட எண்ணம். அவர்களுக்கு மூன்று, நான்கு நூற்றாண்டுகள் முன்னரே எசியோடு என்ற உழவர் புலவர், உழைப்பில் இழிவு இல்லை, சோம்பியிருத்தலே இழிவு என்று பாடியிருந்தார். அந்தக் குரலைப் பின்வந்தோர் மேற்கோள் காட்டினர். ஆயின் வாழ்வில் பின்பற்றியவர் சிலரே. பண்பைக் குறிக்கும் சொல் ஒன்று உயர உயர, அந்தப் பண்பினால் நாள்தோறும் வயிறு கழுவுபவனை விட்டு விலகிப் போவது எல்லா நாட்டிலும் நிகழ்வதுதான் போலும்.

நல்லூழாகச் சொற்கள் தத்துவ ஏடுகளில் மட்டும் வாழ்வதில்லை. அலெக்சாந்தருக்குப் பிந்திய கிரேக்க நகரங்கள் தமக்கு நன்மை செய்தவர்களைப் பாராட்டிக் கல்லில் தீர்மானங்கள் பொறித்தன. தூது சென்றவர், பிணி தீர்த்த மருத்துவர், வழக்குத் தீர்த்த நடுவர் ஆகியோர் ‘எல்லா ஸ்பூதேயையும் செலுத்தினார்’ என்ற வகையான தொடரால் சிறப்பிக்கப்பட்டனர். எகிப்தின் மணலில் கிடைத்த பாப்பிரசு ஏடுகளில் இன்னும் எளிய மனிதர்களின் கடிதங்கள் உள்ளன. அவற்றில் ‘ஸ்பூதாசோன்’ என்ற ஏவல் வினை அடிக்கடி தலைகாட்டும். “எப்படியாவது பார்த்துச் செய்” என்று நாம் ஊருக்கு எழுதுவோமே, அந்தத் தொனி அதற்கு உண்டு.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் இந்தத் தெருமொழிக்கு நெருங்கியது. அதில் வரும் பவுல், கூடாரம் செய்யும் தொழிலாளி. கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் எட்டாம் அதிகாரத்தில், எருசலேமின் ஏழைகளுக்காகப் பணம் திரட்டும் வேலையைப் பற்றி எழுதுகிறார். அந்த ஒரே அதிகாரத்தில் ஸ்பூதேயும் அதன் உறவுச் சொற்களும் திரும்பத் திரும்ப வருகின்றன. ஓய்வுடையவன் அளவுகோலாக நின்ற சொல், ஏழைகளுக்கு நிதி திரட்ட ஊர் ஊராக நடப்பவனுடைய பண்பாக மாறிவிட்டது. சமயக் கொள்கை எவ்வாறாயினும், சொல்லின் வரலாற்றில் இது ஒரு திருப்பம் என்பதில் ஐயமில்லை.

பவுல் பெயரால் வழங்கும் இன்னொரு கடிதம் உண்டு. தீமோத்தேயு என்ற இளைஞருக்கு எழுதியது. சிறையிலிருந்து எழுதப்பட்டதாக அமைந்துள்ளது. அதன் இறுதிப் பகுதியில் ‘ஸ்பூதாசோன்’ இரண்டு முறை வருகிறது. என்னிடம் விரைவில் வந்து சேர முயற்சி செய் என்பது முதலாவது. இங்கே ‘விரைவில்’ என்பதற்குத் தனியாக வேறொரு சொல் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்பூதாசோன் என்பதே விரைவைக் குறித்திருப்பின், அந்தச் சொல்லுக்குத் தேவை இராது. ஆகவே அக்காலத்தில், குறைந்தது இந்த வழக்கில், விரைவு வெளியே தள்ளப்பட்டு முயற்சி மட்டும் உள்ளே எஞ்சியது என்று நாம் துணியலாம். இரண்டாவது இடத்தில், குளிர்காலத்துக்கு முன்னே வந்துவிடு என்கிறார். அந்நாளில் மத்தியதரைக் கடலில் குளிர்காலத்தில் கப்பல் ஓட்டம் பெரும்பாலும் நின்றுவிடும். மழைக்கு முன், பனிக்கு முன், விடுமுறை முடியுமுன் வந்து பார்த்துவிட்டுப் போ என்று தொலைவிலிருப்பவர்க்கு எழுதியவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! துரோவாவில் விட்டுவந்த மேலாடையையும் புத்தகங்களையும் கொண்டுவரச் சொல்கிறார் அந்தக் கடிதக்காரர்.

இதே கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் மற்றொரு ‘ஸ்பூதாசோன்’ ஆங்கிலம் படிப்பவர்களுக்குள் ஒரு குழப்பத்தை உண்டாக்கிற்று. வெட்கப்படாத வேலைக்காரனாக உன்னை நிறுத்திக்கொள்ள முயற்சி செய் என்பது பொருள். 1611-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பாளர் அங்கே ‘ஸ்டடி’ என்ற சொல்லை இட்டனர். அந்நாளில் அதற்கு முயல்தல் என்ற பொருளும் வழக்கில் இருந்தது. ஆகவே அவர்கள் பிழை செய்யவில்லை. பிற்காலத்தில் அந்தப் பொருள் தேய்ந்து படித்தல் மட்டுமே நின்றது. அதன் விளைவாக, புத்தகம் படிக்கச் சொல்லும் கட்டளையாகப் பலர் அதனைக் கொள்ளலாயினர். தமிழ் மொழிபெயர்ப்பைப் படித்தவருக்கு இந்தக் குழப்பம் நேரவில்லை. தரங்கம்பாடியில் 1714–15-இல் புதிய ஏற்பாடு முதன்முதலாகத் தமிழில் அச்சாயிற்று. 1871-இல் பவர் முதலியோர் திருத்திய பெயர்ப்பு நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. இவ்வழக்கிலுள்ள பெயர்ப்பில், இங்கும் வேறு பல இடங்களிலும் அவர்கள் தேர்ந்த சொல் ‘ஜாக்கிரதை’.

ஜாக்கிரதை என்பது வடமொழியில் விழித்திருத்தலைக் குறிக்கும் வேரினின்று வந்தது. உறங்காமல் கண்ணும் கருத்துமாக இருப்பவன் ஜாக்கிரதையுள்ளவன். ஆனால் இன்று அச்சொல்லை நாம் எங்கே காண்கிறோம்? வீட்டு வாயிலில், நாயின் பெயரோடு சேர்த்து! அந்தப் பலகையை மட்டும் அறிந்த இளைஞர் ஒருவர் பழைய பெயர்ப்பைப் படித்தால், எதற்காக அஞ்சச் சொல்கிறார்கள் என்று மயங்குவார். ஆங்கிலச் சொல் அடைந்த கதியையே தமிழ்ச் சொல்லும் வேறு வழியில் அடைந்துவிட்டது. லூக்கா எழுதிய நூலில் மரியாள் மலைநாட்டுக்கு ஸ்பூதேயோடு சென்றாள் என்ற இடத்தில் அதே பெயர்ப்பாளர் ‘தீவிரம்’ என்ற சொல்லை ஆண்டனர். இஃது என் உள்ளத்தைக் கவர்ந்த தேர்வு. அக்காலத் தமிழில் தீவிரமாகப் போதல் என்றால் விரைந்து போதல். இக்காலத்தில் தீவிரமாகப் படிக்கிறான் என்றால் முனைந்து படிக்கிறான் என்று பொருள். ஸ்பூதே கடந்த வழியைத் தமிழில் ‘தீவிரம்’ தானும் கடந்திருக்கிறது.

தனித்தமிழில் இதற்கு எதைச் சொல்வது? திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை என மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. உள்ளத்தின் எழுச்சி ஒன்று. சோம்பலை நீக்குதல் ஒன்று. இடைவிடாத முயற்சி ஒன்று. கிரேக்கன் ஒரே சொல்லில் கட்டியதை வள்ளுவர் மூன்றாகப் பிரித்து வைத்தார் எனலாம். மூன்றில் ஒன்றைத்தான் கொள்ள வேண்டுமெனில் நான் ஊக்கம் என்பதையே கொள்வேன். ஊக்குதல் என்றால் உந்துதல், செலுத்துதல். ஸ்பூதேயின் அடியில் நாம் கண்ட விசை அதில் இருக்கிறது. ‘விடாமுயற்சி’ நல்ல சொல்லே. ஆனால் அதில் காலத்தின் நீளம் தெரிகிறதே ஒழிய உள்ளத்தின் சூடு தெரியவில்லை.

கிரேக்கத்திலும் உழைப்பின் பண்பைக் கூறும் சொல் இஃது ஒன்றே அன்று. எபிமெலெயா என்பது அக்கறை. தோட்டத்தையும் வீட்டையும் பேணுதல் பற்றிய நூலில் செனபோன் அதை மிகுதியும் கையாளுவார். உழைப்பில் காதல் என்று பொருள்படும் பிலோபோனியா என்றொரு சொல்லும் உண்டு. இவை தத்தம் பொருளில் அமைதியாக நிலைத்தன. ஸ்பூதேயைப் போல ஊர் சுற்றவில்லை.

விரைவுக்கும் நிதானத்துக்கும் இடையே இருந்த இந்த இழுபறியை ஒரு பழமொழியாகவே ஆக்கிக்கொண்டவர் உரோமப் பேரரசர் அகுசுதசு. அவசரமும் துணிச்சலும் படைத்தலைவனுக்கு ஆகாதவை என்பது அவர் கொள்கை. இலத்தீன் பேசிய அவர் இதைக் கிரேக்கத்தில் சொல்வார் என்று அவர் வரலாற்றை எழுதிய சுவெதோனியசு குறிக்கிறார். ‘மெல்ல விரை’ என்பது அதன் பொருள். விரை என்பதற்கு அங்கே வருவது நம் சொல்லின் தாய்வினையே. வெனிசு நகரத்து அச்சுத் தலைவர் ஆல்தசு மனுசியசு, நங்கூரத்தைச் சுற்றிய ஓங்கில் மீனைத் தம் அச்சகத்தின் இலச்சினையாகக் கொண்டார். மீன் விரைவுக்கு, நங்கூரம் நிலைப்புக்கு. தித்து பேரரசர் காலத்து நாணயங்களிலேயே அவ்வடிவம் இருந்தது. 1508-இல் அதே அச்சகத்தில் வெளிவந்த பழமொழித் தொகுதியில் எராசுமசு இந்தப் பழமொழிக்கு நீண்ட விரிவுரை எழுதினார்.

இலத்தீனில் ஊக்கத்தைக் குறிக்கும் ‘திலிகெந்தியா’ நேர்மாறான வழியில் சென்றது ஒரு வேடிக்கை. அதன் வேர்வினைக்கு மதித்தல், அன்பு கொள்ளுதல் என்று பொருள். அன்பு அக்கறையாயிற்று, அக்கறை ஊக்கமாயிற்று, பிரெஞ்சு மொழியில் ஊக்கம் விரைவாயிற்று, கடைசியில் விரைந்து ஓடும் தபால் குதிரை வண்டிக்கே ‘திலிஜான்சு’ என்று பெயர் வந்துவிட்டது. ஒரு சொல் ஓட்டத்தில் தொடங்கிப் பண்பில் முடிந்தது. மற்றது பண்பில் தொடங்கி வண்டியில் முடிந்தது.

முடிந்தது என்றா சொன்னேன்? ஸ்பூதேயின் பயணம் இன்னும் ஒரு கட்டம் சென்றது. இன்றைய கிரேக்க மொழியில் அதன் பன்மை வடிவம் படிப்பு, உயர்கல்வி என்று பொருள்படும். ஸ்பூதாயோசு என்றால் முக்கியமானவர், சிறந்தவர். ஏதென்சின் பல்கலைக்கழகத்து மாணவன் ஒருவனிடம் என்ன செய்கிறாய் என்று கேட்டால், ‘ஸ்பூதாசோ’ என்பான். படிக்கிறேன் என்பது பொருள். வகுப்புக்கு நேரமாகிவிட்டது, விரைகிறேன் என்று சொல்ல அவன் வேறொரு சொல்லைத் தேட வேண்டும், ‘வியாசொமே’ என்பான். பழைய நாளில் அச்சொல்லுக்கு வலிந்து நெருக்கப்படுதல் என்று பொருள்.